மாவு டப்பாவுக்குள் அலறல்

எங்கள் பள்ளத்தாக்கில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த அலாஸ்கா குளிரில் பயமில்லாமல் வாழ்ந்தவர்களில் பாதிப் பேர் ஆற்றங்கரைக் கல்லறையில் கிடக்கிறார்கள். மீதிப் பேருக்குக் கைவிரல் குறைவு. எனக்குப் பத்து விரலும் இருக்கிறது.

ஆனால் அந்த டிசம்பரில் என்னைப் பிடித்திருந்த பயம் என்னைப் பற்றியது அல்ல, என் தம்பி கிளீட்டஸைப் பற்றியது. வருஷா வருஷம் கோடை முழுக்கக் காட்டுத்தீ அணைக்கும் படையில் வேலை பார்த்தவன். நெருப்பு அவனை ஒன்றும் செய்யவில்லை. புகைதான் நுரையீரலைத் தின்றுவிட்டது. ஃபேர்பேங்க்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு, முழங்கால் உயரப் பெட்டி ஒன்றோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அந்தப் பெட்டி அறைக் காற்றை இழுத்து, சலித்து, ஆக்சிஜனை ஒரு நீளக் குழாய் வழியாக அவன் மூக்குக்கு அனுப்பும். அது ஓடும்வரை அவன் கிண்டல் பேசுவான். அது நின்றால் உதடு நீலமாகிவிடும். அவசரத்துக்கு என்று ஒரே ஒரு சின்ன சிலிண்டர் கொடுத்திருந்தார்கள்.

பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். மின்கம்பமோ எங்களுக்கு வெகு தூரத்துக்கு முன்பே நின்றுவிட்டது. கூரையில் சோலார் தகடுகள் உண்டு, கோடையில் குறையே சொல்ல முடியாது. டிசம்பரில் சூரியன் தெற்கு மலை விளிம்பில் தலையைக் காட்டிவிட்டு, வாசலோடு திரும்புகிற விருந்தாளி மாதிரிப் போய்விடும். மதியம் மூன்று மணிக்கு விளக்குப் போட வேண்டும். அதனால் குளிர்காலம் முழுக்க ஜெனரேட்டர்தான் கதி. அதை ஓட்டி, பெஞ்சுக்கு அடியில் வரிசையாக வைத்திருக்கும் பேட்டரிகளை நிரப்புவோம். அவை தண்ணீர் ஊற்றுகிற பழைய வகை பேட்டரிகள். வெளியே வைத்தால் உறைந்து வெடித்துவிடும் என்பதால் மனுஷர்களோடு வீட்டுக்குள்ளேயே குடித்தனம் செய்கின்றன.

ஜெனரேட்டருக்கு என் வீட்டுக்காரர் லைல் ஓர் அறையே கட்டியிருந்தார். வீட்டின் வடக்குச் சுவரோடு ஒட்டிய மரக்கூண்டு அது. அதற்கும் வீட்டுக்கும் நடுவே, பெஞ்சுக்கு மேலே சுவரில், தலை நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. கடுங்குளிரில் ஜெனரேட்டரின் எண்ணெய் வெல்லப்பாகாகிவிடும், முடுக்கினாலும் உருளாது. அதனால் ஓட்டுவதற்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்து வைத்து, வீட்டுச் சூட்டைக் கூண்டுக்குள் விடுவோம். இயந்திரம் உயிர் பெற்றதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவோம். புகை, கூண்டின் மறுபக்கத்தில் கூரை ஓரத்துக்குக் கீழே நீட்டியிருக்கும் குழாய் வழியே வெளியேறும். பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் இதே ஏற்பாடுதான். லைல் இதைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டுவார். அந்த வாரம் அவர் வடக்கே எண்ணெய் வயலில் வேலையில் இருந்தார். விமானம் பறக்காததால் திரும்பி வர முடியவில்லை.

அன்று மைனஸ் நாற்பத்தைந்து டிகிரி. காலையிலேயே பேட்டரி அளவு காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்கு அருகில் வந்துவிட்டது. நான் சின்னக் கதவைத் திறந்துவிட்டு, அடுப்பில் கட்டைக்கு மேல் கட்டையாகத் திணித்தேன்.

"அக்கா, வீட்டைக் கொளுத்தப் போறியா? நான் அணைச்ச நெருப்பெல்லாம் இதவிடச் சின்னதுதான்" என்றான் கிளீட்டஸ், அறையின் அந்தக் கோடியில் கட்டிலில் சாய்ந்தபடி.

"வாய மூடிட்டு மூச்சு விடு. ஜெனரேட்டர் கிளம்பலேன்னா உன்ன எந்தப் பிளக்குல செருகுறது?"

"மூஸ் மான் வாயில செருகு. அது நல்லா மூச்சு விடும்."

மதியம் தாண்டி, வெளிச்சம் போகத் தொடங்கியபோது, பெஞ்சுச் சுவரில் இருக்கும் ஜெனரேட்டர் பொத்தானை அமுக்கினேன். இருமியது. நின்றது. மறுபடி அமுக்கினேன். மறுபடி இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டு உறுமியது பாருங்கள், பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கிளீட்டஸ் கைதட்டினான். நான் சின்னக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்தேன். அது கொஞ்சம் முரண்டு பிடித்தது. கதவு ஓரத்து ரப்பரில் வெண்பனி பூத்திருந்தது, எப்போதும் பூப்பதுதான். தோளால் ஒரு இடி கொடுத்தேன், தாழ்ப்பாள் விழுந்தது. மீட்டர் முள் மெல்ல மேலே நகர ஆரம்பித்தது.

அப்பாடா என்று மூஸ் இறைச்சிக் குழம்பை அடுப்பில் ஏற்றினேன். அப்போதுதான் வடக்குச் சுவருக்கு வெளியே தொம்மென்று ஒரு சத்தம். அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுத்தன.

"மூஸ்" என்றேன். குளிர் முற்றினால் அவை வீட்டுச் சுவரோடு வந்து ஒண்டிக்கொள்ளும். கிட்டே போனால் முன்னங்காலால் மண்டையைப் பிளந்துவிடும்.

"போய்ப் பாரேன்."

"நீ போய்ப் பாரு."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்கு மட்டும் இருண்டதெல்லாம் மூஸ்" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகியது.

ஜன்னலில் விரல் கனத்துக்குப் பனி உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி, கண்ணை வைத்துப் பார்த்தேன். கருப்பு. துப்பாக்கியைக் கதவோரம் சாத்தி வைத்தேன். வெளியே மட்டும் போகவில்லை. ஜெனரேட்டர் சத்தம் இப்போது கொஞ்சம் கம்மியதுபோல் இருந்தது. பாரம் ஏறினால் குரல் மாறும் என்று லைல் சொல்லியிருக்கிறார், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

குழம்பு கொதிக்கும் முன்பே விஷவாயு அலாரம் அலறியது.

பேட்டரி வைத்து ஓட்டுகிற எங்களுக்கு இந்த அலறல் பழகினது. பேட்டரி நிறையும்போது உள்ளே தண்ணீர் குமிழி விட்டுக் கொதிக்கும், ஒரு வாயு வரும். புகையின் விஷத்தை மோப்பம் பிடிக்கிற அலாரம் இந்த வாயுவையும் அதுவென்று நினைத்துக் கத்தும். கதவைத் திறந்து கொஞ்சம் காற்று விட்டால் அடங்கிவிடும். குளிர்காலம் முழுக்க இப்படிக் கத்தினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? பள்ளத்தாக்கில் சிலர் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள், சிலர் பனிக்குள் வீசியிருக்கிறார்கள். நான்தான் பயந்தாங்கொள்ளியாயிற்றே, இன்னும் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். அன்று சுவரில் இருந்த ரேடியோவை எடுத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓப்பலைக் கூப்பிட்டேன். எனக்கு முன்பே இங்கே வந்து குடியேறியவள். வாய்த்துடுக்கு அதிகம், மனசு தங்கம்.

"ஓப்பல், அலாரம் கத்துது."

"பேட்டரி சார்ஜ் ஏறுதா?"

"ஏறுது."

"அப்ப கத்தத்தான் செய்யும். புதுசா கல்யாணம் ஆனவ மாதிரிக் கேக்குறியே. எடுத்து மாவு டப்பாவுல போட்டு மூடுடி. என்னுது போன வருஷமே இழுப்பறைக்குப் போயிடுச்சு, நான் செத்தா போயிட்டேன்?"

"ஒருவேளை நிஜமா இருந்தா?"

"உனக்கு எதுதான் நிஜமில்ல? போன வாரம் கரடின்னே. டிசம்பர்ல எந்தக் கரடி முழிச்சிட்டு இருக்கு?"

ரேடியோவில் வேறு யாரோவும் சிரித்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்க ஒரே அலைவரிசை. என் காது சுட்டது.

"அக்கா, மண்ட வெடிக்குது. அத அடக்கு" என்று கட்டிலில் இருந்து கெஞ்சினான் கிளீட்டஸ். கதவைத் திறந்து காற்று விடலாம் என்றால், மைனஸ் நாற்பத்தைந்துக் காற்று ஒரு வாய் உள்ளே போனாலும் அவன் மார்பு இறுகிவிடும். அலாரத்தைக் கழற்றினேன். துண்டில் சுற்றி மாவு டப்பாவுக்குள் அமுக்கி, மூடியைத் திருகினேன். உள்ளேயிருந்து கீச்கீச்சென்று மட்டும் வந்தது. எலி மாட்டிக்கொண்ட மாதிரி.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். மீட்டர் அங்கேதான் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு நிம்மதி. தலை வலித்தது. பயந்தால் எனக்குத் தலைவலி வரும், வழக்கம்தான். குழம்பைக் கிளற எழுந்தேன், எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோய் மறுபடி உட்கார்ந்தேன்.

"லைல் கிறிஸ்துமஸுக்கு வந்துடுவார்" என்றேன்.

"இப்பத்தான் சொன்னே."

"எத?"

"இதையேதான். மூணாவது தடவ." கிளீட்டஸ் முழங்கையை ஊன்றி எழுந்து என்னைப் பார்த்தான். "அக்கா, உன் மூஞ்சி ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"அடுப்புச் சூடு."

"அடுப்பு எம்பக்கம் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அவன் சிரிக்கவில்லை.

"மீட்டர் என்ன காட்டுது?" என்று கேட்டான்.

பார்த்தேன். முள் பாதிக்கும் கீழேதான் இருந்தது. "இன்னும் பாதிகூட நிறையல" என்றேன்.

சொன்ன பிறகு அந்த வார்த்தை என் தலைக்குள் மெல்ல நடந்து போனது. பேட்டரி கொதிப்பது நிறைந்து வழிகிற நேரத்தில்தான். கால்வாசி, அரைவாசியில் அது கொதிக்காது. வாயு விடாது. இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் டப்பாவுக்குள் அது எதற்காகக் கத்துகிறது?

பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை பட்டதெல்லாம் விளையாட்டு. எழுந்திரு என்று காலுக்குச் சொன்னேன். கால் கேட்கவில்லை. கையைத் தூக்கினேன், அது யாருடைய கையோபோல மடியிலேயே கிடந்தது. என் தோளுக்குப் பின்னால், சின்னக் கதவின் ஓரத்தில், சூடான காற்று ஒன்று என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அதை இதமாக உணர்ந்து சாய்ந்திருந்தேன்.

"கிளீட்டஸ்" என்றேன். "பேட்டரி இல்ல."

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் மூக்குக் குழாய் மேசை வரைதான் எட்டும். நான் இருந்தது அதற்கு அப்பால். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவன் வந்தான். சேர்ந்தாற்போலப் பத்தடி நடக்க முடியாதவன், தேநீர்க் கெட்டிலைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறவன். ஜெனரேட்டரை நிறுத்தும் விசையை அறைந்தான். என் கோட்டுக் காலரைப் பிடித்து, நாய் வண்டியை இழுக்கிற மாதிரி என்னைத் தரையோடு தரையாக இழுத்தான். வழியில் ஒருமுறை விழுந்தான். "எழுந்திரு பயந்தாங்கொள்ளி, எழுந்திரு" என்று திட்டிக்கொண்டே எழுந்தான். குளிரைத் தடுக்க வாசலில் கட்டிய முன்னறையைத் தாண்டி, வெளிக்கதவைக் காலால் உதைத்தான்.

குளிர் என் முகத்தில் அறைந்தது. வாந்தி எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக என் கை எனக்குத் திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தால் கிளீட்டஸ் கதவு நிலையில் சாய்ந்து கிடக்கிறான். வாய் மீன் வாய்போல் திறந்து மூடுகிறது. உதடு நீலம்.

சிலிண்டர் உள்ளே, கட்டிலுக்கு அடியில்.

அந்த வீட்டுக்குள் மறுபடி போக எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் சொந்த வீடு. என் அடுப்பு எரிகிறது, குழம்பு கொதிக்கிறது, விளக்கு மஞ்சளாக இருக்கிறது. எல்லாம் அப்படியே இருக்கிறது. அதுதான் பயமே. மூச்சைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போனேன். சிலிண்டர் கையில் தட்டுப்பட்டது. வரும்போது ரேடியோ, "வெர்னா, என்ன ஆச்சு, அடங்குச்சா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கி, "ஓப்பல், வா" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல மூச்சு இல்லை.

முன்னறையில் அவனுக்குக் குழாயை மாட்டி, என் கோட்டை அவன் முகத்தின்மேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவன் கொஞ்சம் இழுத்தான். பிறகு குழாயைக் கழற்றி என் மூக்கில் வைத்தான். நான் தட்டிவிட்டேன். மறுபடி வைத்தான். "ஆளுக்கொரு வாய்" என்றான். சாகக் கிடக்கும்போதும் பங்கு பிரிக்கிறான், சின்ன வயதில் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த மாதிரி.

ஓப்பல் பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கினாள். எங்கள் இருவரையும் வண்டிக்குள் ஏற்றி ஹீட்டரை முடுக்கிவிட்டு, வீட்டின் எல்லாக் கதவையும் விரியத் திறந்தாள். அப்புறம் டார்ச்சோடு வடக்குப் பக்கம் போனாள். அங்கே மூஸ் இல்லை. நான் மூட்டிய பெரு நெருப்பில் தகரக் கூரை சூடேறி, அதன்மேல் கிடந்த பனி மொத்தமும் சரிந்து புகைக்குழாய் வாயில் விழுந்திருந்தது. வெளியேற வழியில்லாத புகை கூண்டுக்குள் நிறைந்து, சின்னக் கதவின் ரப்பரில் பூத்த பனி விட்ட இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. கதவு ஓரத்தில் கரிக்கோடு படிந்திருந்தது.

வீடு காற்றாடிய பிறகு உள்ளே போனோம். ஓப்பல் சமையல் மேடை முன்னால் நின்றுவிட்டாள். மாவு டப்பாவுக்குள் அது இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து, துண்டைப் பிரித்து, மாவு அப்பிய அந்த வெள்ளை வட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நான்தானே சொன்னேன்" என்றாள் கடைசியில். "நான்தானேடி போடச் சொன்னேன்."

பிறகு அவள் முகம் மாறியது. ரேடியோவுக்குப் பாய்ந்தாள். "ஆர்ச்சி! ஆர்ச்சி! எடு!" அவள் புருஷன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி.

"என்னடி, கக்கூஸ்லகூட உக்கார விடமாட்டியா?" என்றது ரேடியோ.

"இழுப்பறையில இருக்குற அலாரத்த எடுத்து மாட்டு. இப்பவே. ஏன்னு கேக்காத." அழுதுகொண்டே எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னாள், நடந்ததை ஒன்று விடாமல். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ரேடியோவில் ஒரு சின்ன 'பீப்' கேட்டது. சோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டுகிறார்கள்.

ஆனால் எங்கள் கதை முடியவில்லை. பேட்டரியில் பாதிகூட இல்லை, விடியும்வரை அது அவன் பெட்டிக்குக் காணாது. சிலிண்டர் முள் பூஜ்யத்தை நெருங்கிவிட்டது. ஓப்பல் வீட்டில் இருப்பது விளக்குக்கும் ரேடியோவுக்கும் மட்டும் ஆகிற சின்ன பேட்டரி. ரேடியோவில் கேட்டதற்கு, ஆம்புலன்ஸ் விடிந்தால்தான் வரும், பனிமூட்டத்தில் ரோடு தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிளீட்டஸ் விடியலைப் பார்க்க வேண்டுமானால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதே ஜெனரேட்டர்.

ஓப்பல் குழாய் வாயைச் சுற்றிப் பனியை ஆள் உயரத்துக்கு வாரித் தள்ளினாள். சின்னக் கதவின்மேல் கம்பளியைத் திணித்து, பலகை வைத்து ஆணி அறைந்தாள். அலாரத்தைத் துடைத்து, பெஞ்சுக்கு நேர் எதிரே மாட்டினேன். பொத்தானுக்கு முன்னால் போய் நின்றேன். விரல் போகவில்லை.

"முடியலடா" என்றேன்.

"அமுக்கு அக்கா" என்றான் கிளீட்டஸ். குரல் நூலாக இருந்தது. "இல்லேன்னா மூஸ் வாயிலதான் செருகணும்."

அமுக்கினேன். முதல் தடவையிலேயே உறுமியது. மூன்று பேரும் மீட்டரைப் பார்க்கவில்லை, அலாரத்தின் பச்சைப் பொட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குழம்பு அடிப்பிடித்திருந்தது. அதையே கெட்டியான கப்பல் பிஸ்கட்டோடு தின்றோம். அடிக்கடி ஒருவர் மாற்றி ஒருவர் மற்றவரிடம், "தலை வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டோம். முள் பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது, பச்சையின் எல்லைக்கு வந்தது. பெஞ்சுக்கு அடியில் பேட்டரிகள் குமிழி விடும் சத்தம், சோறு கொதிக்கிற மாதிரி, தெளிவாகக் கேட்டது.

அலாரம் அலறியது.

இது பேட்டரிதான். முள் நிறைந்துவிட்டது, தண்ணீர் கொதிக்கிறது, குழாய் வாய் திறந்திருக்கிறது, சின்னக் கதவு ஆணி அடித்துக் கிடக்கிறது. மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதை வாய் திறந்து சொல்லவில்லை. நான் விசையை அணைத்தேன். கிளீட்டஸ் கடைசிச் சொட்டு சிலிண்டரை மாட்டிக்கொண்டு, கம்பளியால் வாயைச் சுற்றினான். மைனஸ் நாற்பத்தைந்தில், அணைக்காமல் விட்டிருந்த வண்டியில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை விரலளவு இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். கதவைத் திறந்து எங்களுக்கு முன்னால் வெளியே ஓடியவள் ஓப்பல்தான்.